பி பக்கத்தில் பேசியவன்

மரக்காணத்தில் ஜெயினம்புவிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால், அவர் ஊருக்கு நேற்றுதான் வந்தவராக இருக்க வேண்டும். அவள் வாயைத் திறந்தால் உப்பளத்துப் பாத்தியில் நிற்கும் தண்ணீர் ஒரு நாள் முன்னதாகவே உப்பாக உறைந்துவிடும் என்று அளத்து ஆட்கள் சொல்வார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

உப்பளத்துக்குப் போகும் மண்பாதை தெருவில் வந்து சேரும் இடத்தில் அவளுக்கு ஒரு பெட்டிக்கடை. பீடி, வெற்றிலை, கோலி சோடா, வெடித்த காலில் தடவிக்கொள்ளத் தேங்காயெண்ணெய். உப்பு வாரிவிட்டு வெயில் ஏறும் நேரத்தில் கரைக்கு ஏறுகிறவர்கள் முதலில் மிதிக்கிற வாசல் அவளுடையது. புருஷன் குத்புதீன் கடைத்தெருவில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்த்தவன். மகள் ஷாகிரா தவழ்கிற வயதில் வளைகுடாவுக்குப் போனான். அங்கே ஒரு துறைமுக ஊரில் சலவைக்கடை. அங்கேயும் இஸ்திரிதான். பெட்டிக்குள் கரிக்குப் பதிலாகக் கரண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நாளில் வளைகுடாக்காரர் வீடுகளில் கடிதத்தைவிடக் கேசட்டுக்குத்தான் மதிப்பு. எட்டாவது வரை படித்த ஜெயினம்புவுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எழுத்தில் திட்டினால் அவளுக்குத் திட்டின மாதிரியே இருக்காது. அதனால் பேசி அனுப்புவாள். போகிற வருகிற ஆட்கள் கையில் கேசட் போகும், வரும். ஒவ்வொரு தடவையும் புதுக் கேசட் வாங்குவதில்லை. வந்ததைக் கேட்டு முடித்ததும் பின்னால் ஓட்டி, அதன் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அவன் பேச்சு அழிந்து அவள் பேச்சு ஏறும். அவள் பேச்சு அழிந்து அவன் பேச்சு ஏறும். ஒரே கேசட் ஏழெட்டுத் தடவை கடல் தாண்டியதுண்டு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏ பக்கம் ஊருக்கு, பி பக்கம் பெண்டாட்டிக்கு. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் பள்ளிவாசல் தெருவில் அதை மீறியவர் கிடையாது. ஏ பக்கம் ஓடும்போது பக்கத்து வீட்டு ராசம்மாள் முதற்கொண்டு அளத்துப் பெண்கள் பத்துப் பேர் கடை வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். இவர்களுக்கெல்லாம் குத்புதீன் பெயர் சொல்லி சலாமும் விசாரிப்பும் அனுப்புவான். பி பக்கத்தை, மதியத் தொழுகை முடிந்து கடைக்கதவைச் சாத்திய பிறகு, சத்தத்தைக் குறைத்து அவள் மட்டும் கேட்பாள். உப்புக்காற்று திருகாணியைத் தின்றுவிடும் என்று அந்த டேப்ரிகார்டருக்குப் பூப்போட்ட துணியில் பாவாடை தைத்துப் போட்டிருந்தாள். அதைத் தூக்கித்தான் பொத்தானை அமுக்க வேண்டும்.

ஏ பக்கத்தில்தான் செல்லப்பன் முதன்முதலில் வந்தான். அவன் தமிழனில்லை. அப்போது அந்தக் கடலில் எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவலாக வேற்று நாட்டுப் போர்க்கப்பல்கள் நின்றன. அதில் ஒன்றின் துணியெல்லாம் குத்புதீனின் சலவைக்கடைக்குத்தான் வரும். மூட்டை மூட்டையாக வண்டியில் வந்து வண்டியில் போகும். ஒரு பையன் மட்டும் தன் சட்டையை வாங்கத் தானே வருவான். இஸ்திரி மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுவான். குத்புதீன் வைத்த கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கித் தின்று, கண்ணில் நீர் வழிய இன்னும் கொஞ்சம் என்பான். அவன் பெயர் குத்புதீன் வாயில் நுழையவில்லை. நம் அளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டுகிற பூனைக்கண் செல்லப்பனின் கண் மாதிரியே அவனுக்கும் இருந்ததால் செல்லப்பன் என்றே கூப்பிட்டான். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பானாம். இதைக் கேட்ட கடை வாசல் சிரித்து உருண்டது. அசல் செல்லப்பனுக்கு மாத்திரம் கோபம். அந்த வெள்ளைக்காரனுக்குத் தன் மோட்டாரை ஓட்டத் தெரியுமா என்று கேட்டான்.

ஜெயினம்புவும் சிரித்தாள். அது ஏ பக்கம் என்பதால்.

ஒரு வருஷம் அவள் பி பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினாள். ஷாகிராவுக்கு அப்பன் என்றால் பாவாடை போட்ட டேப்ரிகார்டர்தான் என்று ஆகிவிட்டது. இந்தத் தடவை ஒரேயடியாக வருகிறீர்களா, இல்லை இன்னும் ஒரு வருஷம் இன்னும் ஒரு வருஷம் என்று இழுக்கப் போகிறீர்களா? பதில் பி பக்கத்தில் வரட்டும் என்றாள். கேசட் போனது. தை போய் மாசி வந்தது. உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள். கேசட்டும் வந்தது.

கதவைச் சாத்திவிட்டு பி பக்கத்தைப் போட்டாள். குத்புதீன் தொண்டையைச் செருமினான். "ஜெயினு, நீ கேட்டியே, அதுக்கு…" என்று தொடங்கினான். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு. பிறகு ஒரு இளங்குரல், "ஹலோ சிஸ்டர்" என்றது.

அவள் காத்திருந்தாள். அந்தக் குரல் நிற்கவில்லை. முன்னால் ஓட்டினாள். இன்னும் அவன்தான். மறுபடி ஓட்டினாள். அப்போதும் அவனே. கடைசியில் ஒரு வழியாகக் குத்புதீன் வந்தான். "பாவம், அவனுக்கு ஊட்டு நெனப்பு வந்துடுச்சி. நீ ஒண்ணும் நெனச்சிக்காத. டேப்பு முடியப் போவுது" என்றான். டேப்பும் முடிந்தது.

நியாயமான கோபம்தான் அது. பதில் சொல்ல மனமில்லாத புருஷன் யாரோ ஒருத்தனைக் கொண்டு தன் பக்கத்தை நிரப்பி அனுப்பிவிட்டான் என்று அவளுக்குப் புரியாதா? அந்தப் பையன் என்ன பேசினான் என்று யாரிடமும் போட்டுக் காட்டவில்லை. முழுதாகக் கேட்கவும் இல்லை. பின்னால் ஓட்டி, கதவு திறக்கிற சத்தத்துக்கு முன்னால் சரியாக நிறுத்தி, சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"யாருங்க மச்சான் அவன்? என் பக்கத்துல அவனுக்கு இன்னா வேலை? வர விருப்பம் இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்க. ஊரான் புள்ளய உட்டு ரொப்பி அனுப்பறீங்களே, நான் இன்னா காது கேக்காதவளா?"

இது தொடக்கம்தான். மீதியை எழுத எனக்கு வெட்கம் இல்லை, இடம்தான் இல்லை. திட்டி ஓய்ந்த பிறகும் கேசட் மிச்சம் இருந்தது. அந்தப் பையன் பேச்சில் ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாது என்று நிறுத்தாமல் ஓடவிட்டாள். கதவைத் திறந்து வியாபாரத்தைப் பார்த்தாள். சோடாவின் கோலி உள்ளே விழும் சத்தம், ராசம்மாள் வெற்றிலைக்கு வாதாடும் சத்தம், கூரைமேல் காக்கை, எல்லாம் அந்தப் பையனின் மேல் ஏறின. பிறகு ஏ பக்கத்தில் ஷாகிராவை நாலு பாட்டுப் பாடவைத்து, கேசட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்தனுப்ப வேண்டும். அந்த மாதம் யாரும் போகவில்லை.

அளத்தில் உப்புக் குவியல்கள் ஆள் உயரம் ஏறியிருந்த சமயம் ரேடியோவில் செய்தி வந்தது. வளைகுடாவில் நின்றிருந்த ஒரு போர்க்கப்பல் கண்ணிவெடியில் மாட்டிக்கொண்டது. ஆட்கள் பலர் செத்துப்போனார்கள். எந்த ஊர்ப் பக்கம் என்று செய்தியில் சொன்னதும் தெருவே ஜெயினம்புவின் கடைக்கு வந்துவிட்டது. தந்தி அடித்தார்கள். பதில் வருகிற வரை அவள் சோறு தின்னவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. திட்டாததுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. நாகூராருக்கு நேர்ந்துகொண்டாள். கப்பலில் போகிறவர்களைக் கரை சேர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

'சுகம்' என்று ஒரு சொல்லில் தந்தி வந்தது. அன்றே நெய்ச்சோறு ஆக்கிக் கடை வாசலில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். மதம் பார்க்காமல் அளம் முழுவதும் கையை நீட்டியது.

"செத்ததெல்லாம் யாராம்மா?" என்று ராசம்மாள் கேட்டாள்.

"கப்பல்காரங்கதான். நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீ இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்க."

அது அவள் மனதார, சந்தோஷமாகச் சொன்னது. புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பொம்பிளை வேறு எப்படிச் சொல்வாள்? ஆனாலும் அந்தக் கரண்டியை நினைத்து அவள் பிற்பாடு பட்டது கொஞ்சமில்லை.

சில வாரம் கழித்து குயிலாப்பாளையத்துத் தட்சணாமூர்த்தி லீவில் வந்தான். அவனுக்கும் அதே துறைமுகத்தில் வேலை. குத்புதீன் கொடுத்த இன்னொரு கேசட்டை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தான். வழக்கம்போல வாசல் நிறைந்தது. ஏ பக்கத்தைப் போட்டார்கள். சலாம் இல்லை, விசாரிப்பு இல்லை.

"ஜெயினு, நல்லா கேட்டுக்க. நம்ம செல்லப்பன் போய்ட்டான். அந்தக் கப்பல்லதான் இருந்தான். அவன் சட்டை மூணு தேச்சி மாட்டி வெச்சிருக்கேன், வாங்க வரல." கொஞ்ச நேரம் ஃபேன் சுற்றும் சத்தம்தான் கேட்டது. "அவன் ஊட்டுக்கு எழுதியிருக்கான், இந்தியாவுல ஒரு அக்காவுக்கு டேப்புல பேசனேன்னு. அவங்க அம்மா இப்ப அதக் கேக்கறாங்க. போட்டோ இருக்குதாம், அவன் கொரலு எங்கயும் இல்லியாம். கப்பல் ஆபீசர் கடைக்கே வந்து கேட்டாரு. அந்த டேப்பை அழிச்சிடாத. தட்சணாமூர்த்தி கையில குடுத்து அனுப்பு."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அசல் செல்லப்பன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். ராசம்மாள் மாத்திரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெய்ச்சோறு வாங்கித் தின்ற கை.

"பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல அண்ணி?" என்று தட்சணாமூர்த்தி கேட்டான்.

"வெச்சிருக்கேன்" என்றாள் ஜெயினம்பு.

எல்லோரும் போனதும் டின்னைத் திறந்து கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். அவளே பேசினாள். முன்னால் ஓட்டினாள். அவளேதான். நடுவில் எங்காவது ஒரு இடத்தில் கை தவறியிருக்காதா, ஒரு சிரிப்பாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று முழுதையும் அங்குலம் அங்குலமாகக் கேட்டாள். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதுதான் அவளுக்கு வினையாகிவிட்டது. காக்கைகூடத் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் சாலமனை வரவழைத்தாள். அவன் ஆரோவில்லில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறவன். வெள்ளைக்காரர்களோடு பழகி இங்கிலீஷ் பேசுவான், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வேதம் வாசிப்பான். அழிந்த பேச்சைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டாள். பலகையில் அழித்து எழுதினால் அடி எழுத்து மங்கலாகத் தெரியும், இதில் அப்படி எதுவும் இருக்காது என்று அவன் சொல்லிவிட்டான்.

"அப்ப நீ பேசு" என்றாள்.

"நான் இன்னாக்கா பேசறது?"

"அவனாட்டம் பேசு. அம்மா, நல்லா இருக்கேன்னு இங்கிலீஷ்ல சொல்லு. பெத்தவ ஏதோ ஒண்ணக் கேட்டுட்டு ஆறட்டும்."

சாலமன் மறுத்தான். அவளிடம் மறுத்து ஜெயித்தவர் யார்? கடையைச் சாத்தி, ராசம்மாளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, டேப்ரிகார்டரின் பாவாடையைத் தூக்கிப் புதுக் கேசட் ஒன்றைப் போட்டார்கள். சாலமன் தொண்டையைச் செருமி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசினான். முடித்ததும் போட்டுக் கேட்டார்கள்.

"இன்னாடா இது, பாதர் பூசை வைக்கற மாரி இருக்குது" என்றாள் ராசம்மாள். "ஆமென் ஒண்ணுதான் பாக்கி."

இன்னொரு தடவை பேசினான். இந்தத் தடவை வேகமாக. ராசம்மாள் அதற்கும் தலையை ஆட்டினாள். பிறகு சிரிப்பில்லாத குரலில் சொன்னாள்:

"ஜெயினு, எம்புள்ள அடுத்த தெருவுல இருமினா அது அவன்னு எனக்குத் தெரியும். நீ யாரை ஏமாத்தப் போற?"

ஜெயினம்பு சாலமனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான். அந்தப் பையன் நிஜத்தில் எப்படிப் பேசினான், என்ன சொன்னான், அதையாவது சொன்னால் இங்கிலீஷில் அந்த அம்மாவுக்கு எழுதலாமே என்று மெதுவாகக் கேட்டான். அவளால் சொல்ல முடியவில்லை. 'ஹலோ சிஸ்டர்' தவிர அவள் காதில் எதுவும் விழவிட்டிருக்கவில்லை. உலகத்தில் அதைக் கடைசியாகக் கேட்டிருக்கக்கூடிய ஆள் அவள், கேட்கவில்லை.

அவள் சின்ன வயதில் ஓதிய மதரஸாவில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியிருந்தார்கள். இறைவனுக்குச் செய்த குற்றத்தை இறைவன் மன்னிப்பான். மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷரே மன்னிக்க வேண்டும். அதுவரை அது அப்படியே நிற்கும். இத்தனை நாள் ஊரையெல்லாம் திட்டினவள், பெருநாளைக்குப் பெருநாள் தெருவில் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டுவிட்டு வருவாள். அடுத்த நாளே மறுபடி தொடங்குவாள், அது வேறு. கேட்க வேண்டிய வீடு இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சாலமன் பேசிய கேசட்டை அழித்தாள். பழைய கேசட்டை எடுத்து, ஏ பக்கத்தில் ஷாகிராவின் பாட்டுகளின் மேல் பேசினாள். தமிழில்தான். அம்மா, உங்கள் பிள்ளை பேசியது இதன் மறுபக்கத்தில் இருந்தது. என் புருஷன்மேல் இருந்த ஆத்திரத்தில் நான் அதன் மேலே பேசிவிட்டேன். நான் திட்டுவதுதான் இப்போது இருக்கிறது. நீங்கள் போட்டுப் பார்ப்பீர்கள், உங்கள் பிள்ளை இருந்த இடம் அதுதான். என்னை மன்னிக்க முடிந்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கப்பல்காரர்கள்தான் செத்தார்கள் என்று நெய்ச்சோறு போட்டதையும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ராசம்மாள் நினைத்தாள், ஆனால் தடுக்கவில்லை. அவள் முடித்த இடத்திலிருந்து சாலமன் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னான், இந்தத் தடவை தன் சொந்தக் குரலில்.

தட்சணாமூர்த்தி லீவு முடிந்து வளைகுடாவுக்குப் புறப்பட்டபோது கேசட்டை அவன் கையில் கொடுத்தாள். நல்லபடியாகச் சேர்த்துவிடுகிறேன் என்றான், சேர்த்தும் விட்டான்.

அதன்பிறகு ஜெயினம்பு பதிலுக்குக் காத்திருந்தாள். வளைகுடாவிலிருந்து யார் வந்தாலும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவாள். குத்புதீனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. சுகம், வேலை அதிகம், கப்பல்கள் இப்போது குறைந்துவிட்டன என்று இருந்தது. அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. மன்னிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். திட்டும்போது பாதியில் நிறுத்திவிடுகிற பழக்கம் அப்போதுதான் வந்தது. கடனுக்குப் பீடி கேட்டு வந்தவர்கள் திட்டுக் கிடைக்காமல் திகைத்து நின்றார்கள்.

மழை பிடித்து அளத்தை மூடியிருந்த ஒரு காலையில் குத்புதீன் வந்து இறங்கினான். ஒரேயடியாக வந்துவிட்டேன் என்றான். அவள் வருஷக்கணக்காகக் கேட்டது அது. கேட்ட சந்தோஷத்தில் பெட்டியைத் தானே பிரித்தாள். சோப்பு, தைலம், ஷாகிராவுக்குப் பட்டுப் பாவாடைத் துணி. அடியில், துண்டில் சுற்றி, அந்தக் கேசட்.

"இது ஏன் இங்க இருக்குது?"

குத்புதீன் ஈரக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தான். "போட்டுக் கேட்டேன், ஜெயினு. ரெண்டு பக்கமும். குடுக்க மனசு வரல. அந்த அம்மா உன்ன இன்னான்னு நெனைக்கும்? டேப்பு உப்புக் காத்துல வீணாப் போயிடுச்சின்னு ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டு, தேச்சி வெச்ச சட்டைங்கள எடுத்துக்கினு போய்ட்டாரு."

ராசம்மாள் மழைக்கு ஒதுங்கிக் கடைக்குள் நின்றிருந்தாள். இப்போது திட்டு கிளம்பும் பார் என்று காத்திருந்ததாக அவள் என்னிடம் சொன்னாள். ஒன்றும் கிளம்பவில்லை. ஜெயினம்பு கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பையன் இன்னா பேசினான்?" என்றாள்.

"எனக்கு இன்னா தெரியும்? காலர், பட்டன், கஞ்சி, இஸ்திரி, அவ்ளோதான் என் இங்கிலீஷ். அம்மான்னு ரெண்டு தபா சொன்ன மாரி இருந்தது. சிரிச்சான். அப்பறம் ரொம்ப நேரம் சிரிக்காம பேசினான்."

"நீங்க நிறுத்தியிருக்கலாம் இல்ல?"

"நிறுத்தினா உனக்குப் பதில் சொல்லணுமே" என்றான் குத்புதீன்.

தெருவில் தண்ணீர் அளத்தை நோக்கி ஓடியது. அந்த ஆபீசருக்கு எழுதிக் கேட்டால் அம்மாவின் விலாசம் கிடைக்குமா என்று ஜெயினம்பு கேட்டாள். அந்தக் கப்பலை இழுத்துக்கொண்டு போய் நாளாகிவிட்டது, ஆபீசர்களும் மாறிவிட்டார்கள் என்றான். அவள் விடவில்லை. பேரைச் சொல்லுங்கள், பேரை வைத்து அவர்கள் ஊர்க் கவர்மெண்டுக்குச் சாலமன் எழுதுவான். அத்தனை பெரிய கப்பலில் செத்தவன் பேர் எங்காவது இருக்குமே என்றாள்.

குத்புதீன் வாயைத் திறந்தான். உதட்டைக் குவித்து என்னவோ முயன்றான். எத்தனையோ தடவை அந்தச் சட்டைப் பையில் தைத்திருந்த பெயர் எழுத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டியவன்தான்.

"வாய்ல வரல, ஜெயினு" என்றான்.